ஆனாலும்

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே
மாடியில் என் ஸ்டுடியோ.
பாஸ்போர்ட் அளவு எட்டுப் பிரதி எண்பது ரூபாய்.
கண்ணீர் அஞ்சலிக்குத் தனி ரேட்.
தக்காளி லாரி திரும்பும்போதெல்லாம்
கண்ணாடிக் கதவு அதிரும்.
பதினோரு வருஷமாய் இங்கே உட்கார்ந்து
முகங்களைத் திருத்துகிறேன்.
ஒரு சொல்லைப் பற்றிப் பேச
அதனால் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

களை.

அழகிக்கு அதைச் சொல்ல மாட்டார்கள்.
அழகி என்றே சொல்லிவிடுவார்கள், வேலை முடிந்தது.
களை எப்போதும்
ஓர் 'ஆனாலும்' முதுகில் ஏறித்தான் வரும்.
கறுப்புதான், ஆனாலும் களை.
பல் கொஞ்சம் எடுப்பு, ஆனாலும் களை.
நாற்பது தாண்டியாச்சு, ரெண்டு பெத்தாச்சு, ஆனாலும்.
தரகர் மாதையன் கொண்டுவரும் காகிதங்களில்
நிறம் என்ற இடத்தில் மாநிறம் என்று எழுதி
அடைப்புக்குறிக்குள்
களையான முகம் என்று சேர்த்திருப்பார்,
கடனுக்கு ஜாமீன் கையெழுத்து மாதிரி.

மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் களை கட்டும்.
யார் கட்டினார் என்று பார்த்தவரில்லை.
மைக் செட் இறங்கி
முதல் பொரி மூட்டை பிரிந்து
எங்கோ ஒரு பிள்ளை பலூனுக்கு அழத் தொடங்கியதும்
அதுவாக வந்து கட்டிக்கொள்ளும்.

ஓசூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில்
இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள்
ஜன்னலில் தலை முட்டத் தூங்குவார்கள்.
களைத்த முகம்.
அதில் களை உண்டா இல்லையா என்று கேட்டால்
இலக்கணம் விழிக்கும்.

போன ஆவணியில் அப்படி ஒரு பஸ்ஸிலிருந்து
நேரே மாடியேறி வந்தாள்.
ஆதார் அட்டையில் தீர்த்தம்மாள்,
கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையில் தீர்த்தா.
பின்னாலேயே மாதையன்.
"ரெண்டு பாயிண்ட் ஏத்துங்கம்மா" என்றார்,
தோசைக்கு நெய் கேட்பதுபோல்.

ஏற்றினேன்.
கன்னத்து வெயிலை எடுத்தேன்.
மேலுதட்டு மருவை எடுத்தேன்.
கண்ணுக்குக் கீழே இருந்த இரவு ஷிஃப்ட்டை எடுத்தேன்.
புருவத்தில் ஒரு தழும்பு,
அதையும்.
ஒன்று விடாமல் களையெடுத்தேன்.

திரையில் ஒரு முகம் இருந்தது.
பழுதில்லை.
களையில்லை.

"என்னமோ கொறையுதே" என்றார் மாதையன்.
தீர்த்தா குனிந்து பார்த்தாள்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
"எங்கப்பா கேவுரு கொல்லைக்கு
மருந்தடிச்ச வருஷம் மாதிரி இருக்குக்கா."

கேழ்வரகுக்குள் பண்ணைக்கீரை முளைக்கும்.
களைதான். பிடுங்கத்தான் வேண்டும்.
பிடுங்கியதைக் கடைந்து களிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.
கைக்குத் தப்பியது பூக்கும்,
அடியில் வெள்ளை, நுனியில் ரோஸ்,
பச்சைக்கு நடுவே நிமிர்ந்து.
அந்த வருஷம் கொல்லையில்
கேழ்வரகு மட்டும் இருந்ததாம்.
விளைச்சல் குறைவில்லையாம்.
"ரோட்டுல போனவங்க யாரும்
திரும்பிப் பாக்கல, அவ்வளவுதான்."

செய்ததை ஒவ்வொன்றாய்ப் பின்னுக்கு எடுத்தேன்.
தழும்பு வந்தது. இரவு வந்தது. மரு வந்தது.
எந்த இடத்தில் அது திரும்பியது என்று
கண் இமைக்காமல்தான் பார்த்தேன்.
பிடிக்க முடியவில்லை.
வெயில் வந்து சேர்ந்தபோது
ஏற்கெனவே இருந்தது.

அவள் மாதையனின் காகிதத்தை வாங்கி
மாநிறத்தை அடித்துக் கறுப்பு என்று எழுதினாள்.
அடைப்புக்குறி இரண்டையும் அடித்தாள்.
உள்ளே இருந்ததைத் தொடவில்லை.
எண்பது ரூபாயைச் சில்லறையாகக் கொடுத்துவிட்டு
வந்த பஸ்ஸைப் பிடிக்க இறங்கி ஓடினாள்.

பழுதில்லாத அந்த முகம்
அழிக்க மறந்து இன்னும் கணினியில் கிடக்கிறது.
போன வாரம் வேறெதையோ தேடும்போது திறந்துகொண்டது.
யாரென்று
எனக்கே சட்டென்று தெரியவில்லை.